பழைய கம்ப்யூட்டரில் நெட் வரவில்லையா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

எங்கள் தெருவில் யார் வீட்டுப் பழைய கம்ப்யூட்டரில் நெட் நின்றாலும் எனக்கு ஃபோன் வரும். பெரும்பாலும் 2009-லிருந்து 2015-க்குள் வாங்கியவை: விண்டோஸ் 7 போட்ட டெஸ்க்டாப்புகள், பிள்ளைகள் ப்ளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினிகள், எப்போதாவது ஒரு எக்ஸ்பி. "கடையில காட்டினோம், ஃபார்மட் போடணும்னு சொல்றாங்க" என்றுதான் பேச்சே தொடங்கும்.

நெட் வராத சிஸ்டத்துக்கு ஃபார்மட் முதல் மருந்து இல்லை. ஃபார்மட் போட்டால் இருக்கிற டிரைவரும் (வைஃபை அட்டை போன்ற பாகங்களை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருள்) அழியும். பிறகு நெட் வர டிரைவர் வேண்டும், டிரைவர் இறக்க நெட் வேண்டும் என்று சுற்றிச் சுற்றி வர வேண்டியதுதான். டெஸ்க்டாப்பிலேயே போட்டு வைத்திருந்த கல்யாண ஃபோட்டோக்களும் அதோடு போய்விடும். அப்படி ஒரு வீட்டில் போனதைப் பார்த்த பிறகுதான் இந்த வழிமுறையை எழுதி வைக்க ஆரம்பித்தேன்.

கம்ப்யூட்டருக்கும் இணையத்துக்கும் நடுவில் நாலைந்து கண்ணிகள்தான் இருக்கின்றன. எது அறுந்தது என்று தெரிந்துகொண்டு கை வைத்தால் பெரும்பாலும் செலவே இல்லாமல் முடியும். உங்கள் சிஸ்டம் காட்டும் அறிகுறிக்கு நேராகப் போய்ப் படியுங்கள். அதற்கு முன் அடுத்துள்ள சோதனையை மட்டும் எல்லோரும் செய்துவிடுங்கள்.

## எதையும் தொடும் முன்: ஃபோனை வைத்து ஒரு சோதனை

ஃபோனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, வீட்டு வைஃபையில் மட்டும் ஏதாவது ஒரு தளத்தைத் திறந்து பாருங்கள். அதிலும் வரவில்லை என்றால் கம்ப்யூட்டர் மேல் குற்றமில்லை. ஃபைபர் இணைப்பு என்றால் சுவரோரம் இருக்கும் பெட்டியில் எல்ஓஎஸ் விளக்கைப் பாருங்கள். அது சிவப்பாக எரிந்தாலோ மின்னினாலோ ஃபைபரில் சிக்னலே வரவில்லை. நெட் கொடுப்பவரைக் கூப்பிடுங்கள். அந்த மெல்லிய வயரை மடக்காதீர்கள், கழற்றி முனையைக் கண்ணருகே வைத்துப் பார்க்காதீர்கள்.

ஃபோனில் வருகிறதா? சரி. இப்போது ஃபோனை யூஎஸ்பி கேபிளால் கம்ப்யூட்டரில் செருகி, ஹாட்ஸ்பாட் பக்கத்தில் 'யூஎஸ்பி டெதரிங்' என்பதை ஆன் செய்யுங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள்களில் இந்தச் சுவிட்ச் மங்கலாகவே இருக்கும், அதனால் ஃபோனோடு வந்த கேபிளையே எடுங்கள். பெரும்பாலான ஆண்ட்ராய்டு ஃபோன்களுக்கு விண்டோஸ் 7-க்குள்ளேயே இதற்கான டிரைவர் இருக்கிறது. ஒரு நிமிடம் பொறுத்தால் புதிய நெட்வொர்க் ஒன்று தானாக வந்து நிற்கும்.

ஃபோன் வழியாகத் தளங்கள் திறந்தால் விண்டோஸும் பிரவுசரும் நன்றாக இருக்கின்றன. கோளாறு லேன் போர்ட் (நெட் கேபிள் செருகும் துளை), வைஃபை அட்டை, டிரைவர், ரவுட்டர் அமைப்பு இவற்றில் ஒன்று: முதல் நான்கு அறிகுறிகளைப் பாருங்கள். ஃபோன் வழியாகவும் திறக்கவில்லை என்றால் கோளாறு விண்டோஸுக்குள்ளேயே: நேராக நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் போங்கள். இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. டிரைவர் எதுவும் இல்லாத சிஸ்டத்துக்குள் நெட்டைக் கொண்டுவர இதைவிட எளிய வழி எனக்குத் தெரிந்து இல்லை.

## அறிகுறி 1: நெட்வொர்க் குறியில் சிவப்புப் பெருக்கல், அல்லது வைஃபை என்ற பேச்சே இல்லை

கேபிள் போட்டும் சிவப்புப் பெருக்கல் என்றால்

முதலில் போர்ட்டில் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். டெஸ்க்டாப்பின் பின்பக்கம் கேபிள் செருகும் இடத்தில் பச்சை, மஞ்சள் என இரண்டு சின்ன விளக்குகள் இருக்கும். ஒன்றுமே எரியவில்லை என்றால் விண்டோஸில் எதையும் நோண்டிப் பயனில்லை.

கேபிளின் பிளாஸ்டிக் நாக்கு உடைந்திருந்தால் பார்க்கச் செருகியதுபோல் இருக்கும், உள்ளே தொட்டிருக்காது. அழுத்திப் பிடித்துக்கொண்டு விளக்கு வருகிறதா பாருங்கள். அடுத்து வேறொரு நல்ல கேபிள். அடுத்து ரவுட்டரில் வேறொரு லேன் துளை. ரவுட்டரில் தனி நிறத்தில் இருக்கும் 'வேன்' துளை வெளியிலிருந்து வரும் இணைப்புக்கானது. கம்ப்யூட்டரை அதில் செருகிவிட்டு ஒரு வாரம் நெட்டில்லாமல் இருந்த வீடும் உண்டு.

கேபிளும் துளையும் சரியாக இருந்து விளக்கு மட்டும் வரவில்லையா? சிஸ்டத்தை ஷட் டவுன் செய்து, பவர் வயரைப் பிடுங்கிவிட்டு (லேப்டாப் என்றால் பேட்டரியையும் கழற்றிவிட்டு), பவர் பட்டனைப் பதினைந்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். ஐந்து நிமிடம் கழித்து வயரை மாட்டுங்கள். ஷட் டவுன் செய்தாலும் லேன் சிப்புக்குக் கொஞ்சம் மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும், சில நேரம் அது பாதித் தூக்கத்தில் மாட்டிக்கொள்ளும். 'போர்ட் செத்துப்போச்சு' என்று சொல்லப்பட்ட சிஸ்டங்களில் சில இந்த ஒரு வேலையிலேயே எழுந்திருக்கின்றன.

அதற்கும் அசையாவிட்டால் கம்ப்யூட்டரை ஆன் செய்யும்போது பயோஸுக்குள் (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் அமைப்புப் பக்கம்) போய், 'ஆன்போர்டு லேன்' என்ற வரி 'எனேபிள்டு' என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தும் வரவில்லை என்றால் போர்ட் போயிருக்கும். இடி மழைக்குப் பிறகு வந்த கோளாறு என்றால் அநேகமாக அதுதான். அப்போதும் மதர்போர்டு மாற்ற வேண்டியதில்லை. யூஎஸ்பி லேன் அடாப்டர் ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். டெஸ்க்டாப்புக்கு உள்ளே செருகும் லேன் கார்டும் உண்டு.

லேப்டாப்பில் வைஃபை குறியே இல்லை என்றால்

பழைய லேப்டாப்புகளில் வைஃபைக்குத் தனி சுவிட்ச் இருந்தது. முன் விளிம்பிலோ பக்கவாட்டிலோ நகம் வைத்துத் தள்ளும் அளவுக்குச் சின்னதாக இருக்கும். பையில் வைக்கும்போது தானே தள்ளிக்கொள்ளும். சில மாடல்களில் எஃப்என் பட்டனோடு சேர்த்து அழுத்தும் ஒரு மேல்வரிசை பட்டன். கோபுரமோ விமானமோ வரைந்த பட்டனைத் தேடுங்கள்.

அது சரியென்றால் கம்ப்யூட்டர் ஐகானில் ரைட் க்ளிக் செய்து, மேனேஜ், டிவைஸ் மேனேஜர் என்று போங்கள். 'நெட்வொர்க் அடாப்டர்ஸ்' என்பதன் கீழும் 'அதர் டிவைசஸ்' என்பதன் கீழும் மஞ்சள் குறி இருக்கிறதா? அதன் மேல் இருமுறை க்ளிக் செய்தால் ஒரு கோட் எண் தெரியும். அந்த எண்தான் முக்கியம்:

- 22: யாரோ டிசேபிள் செய்திருக்கிறார்கள். ரைட் க்ளிக், எனேபிள். முடிந்தது.
- 28: டிரைவரே இல்லை. போட வேண்டும்.
- 10: சாதனம் தொடங்க மறுக்கிறது. அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் கொடுங்கள். மீண்டும் வந்தால் வேறு பதிப்பு டிரைவர் தேடுங்கள்.
- 52: டிரைவரின் டிஜிட்டல் கையெழுத்தை விண்டோஸால் சரிபார்க்க முடியவில்லை.

இந்த 52 பலரைக் குழப்புகிறது. புதிய டிரைவர்கள் ஷா-2 என்ற முறையில் கையெழுத்திடப்பட்டவை. அப்டேட் நிறுத்திவைத்த விண்டோஸ் 7-க்கு அது புரியாது. சர்வீஸ் பேக் 1 (விண்டோஸ் 7-க்கு வந்த பெரிய அப்டேட் தொகுப்பு) இருக்கிறதா என்று உறுதிசெய்துகொண்டு, மைக்ரோசாஃப்டின் அப்டேட் கேட்டலாக் பக்கத்திலிருந்து கேபி 4490628, பிறகு கேபி 4474419 என்ற இரண்டு அப்டேட்களை இதே வரிசையில் போட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

எந்த டிரைவர் என்று கண்டுபிடிக்க, அதே ஜன்னலில் டீடெய்ல்ஸ் பக்கத்தில் 'ஹார்டுவேர் ஐடிஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். 'வென்' என்ற எழுத்துகளை அடுத்து வரும் நான்கு குறிகள் தயாரிப்பாளரைச் சொல்லும். 8086 என்றால் இன்டெல், 10இசி என்றால் ரியல்டெக், 168சி என்றால் ஏதெராஸ். 'டெவ்' என்பதை அடுத்து வருவது மாடல். இந்த இரண்டையும் அப்படியே தேடலில் போட்டால் சரியான பெயர் வந்துவிடும். டிரைவரை லேப்டாப் கம்பெனியின் தளத்திலிருந்தோ சிப் கம்பெனியின் தளத்திலிருந்தோ மட்டும் இறக்குங்கள். எல்லா டிரைவரையும் தானே போட்டுத் தருவதாகச் சொல்லும் மென்பொருள்களைத் தொடவே வேண்டாம். நெட்டைச் சரிசெய்யப் போய் நாலு விளம்பர மென்பொருளை வீட்டுக்குள் விட்ட கதையாகிவிடும்.

டிவைஸ் மேனேஜரில் அட்டையின் சுவடே இல்லையா? லேப்டாப்பின் அடிமூடியில் சின்னக் கதவு இருந்தால் திறந்து பாருங்கள். வைஃபை அட்டை தீப்பெட்டி அகலம்தான் இருக்கும். கருப்பும் வெள்ளையுமாக இரண்டு மெல்லிய ஆன்டெனா வயர்கள் பொத்தான்போல் அதன் மேல் குத்தியிருக்கும். பேட்டரியைக் கழற்றிவிட்டு, அட்டையைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூவைத் தளர்த்தி, வெளியே எடுத்து, தங்க நிற முனைகளை உலர்ந்த துணியால் துடைத்து மறுபடி செருகுங்கள். ஆன்டெனா வயரை நகத்தால் நேர் மேலே தூக்க வேண்டும், பக்கவாட்டில் இழுத்தால் பிய்ந்துவிடும். அடிமூடி முழுவதையும் கழற்றித்தான் அட்டையை அடைய முடியும் என்ற மாடலாக இருந்தால் அதைக் கடைக்காரரிடம் விட்டுவிடுங்கள்.

## அறிகுறி 2: பக்கத்து வீட்டு வைஃபை எல்லாம் தெரிகிறது, நம் வீட்டுப் பெயர் மட்டும் இல்லை

புது ரவுட்டர் வந்த பிறகு பழைய லேப்டாப்பில் நெட் போனது என்று சொல்பவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான். லேப்டாப் நன்றாகவே இருக்கும். ரவுட்டர் பேசுவது அதற்குக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

ரவுட்டரின் உள்பக்கத்துக்குப் போக வேண்டும். ஃபோன் பிரவுசரில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று அடியுங்கள். யூசர்நேம், பாஸ்வேர்டு ரவுட்டருக்கு அடியில் ஸ்டிக்கரில் இருக்கும். எதை மாற்றுமுன்னும் அந்தப் பக்கத்தை ஃபோனில் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் சந்தேகம் 5 கிகாஹெர்ட்ஸ். ரவுட்டர்கள் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு அலைவரிசைகளில் ஒலிபரப்பும். பழைய அட்டைகளில் பெரும்பாலானவை 2.4-ஐ மட்டுமே பிடிக்கும். ரவுட்டரில் 2.4 அணைந்திருந்தால் ஆன் செய்யுங்கள். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் பிரித்து, 2.4-க்கு வேறு பெயர் கொடுங்கள். ஃபோன் ஹாட்ஸ்பாட்டிலும் இதே கதைதான்: பேண்ட் என்ற இடத்தில் 2.4 என்று மாற்றினால் உடனே பெயர் தெரியும்.

இரண்டாவது, சேனல், அதாவது அந்த அலைவரிசைக்குள் இருக்கும் எண்ணிட்ட பிரிவு. இந்தியாவில் 2.4-ல் 13 சேனல் வரை பயன்படுத்தலாம். அமெரிக்கச் சந்தைக்காக அமைத்த அட்டைகளோ 11-க்கு மேல் பார்க்காது. ரவுட்டர் 'ஆட்டோ'வில் இருந்து ஒரு நாள் 12-க்கோ 13-க்கோ தாவினால், நேற்று வந்த நெட் இன்று காணாமல் போகும், நாளைக்கு மறுபடி வரும். 'சில நாள் வருது, சில நாள் வரல' என்று யாராவது சொன்னால் நான் முதலில் சேனலைத்தான் பார்ப்பேன். 1, 6, 11 இவற்றில் ஒன்றை நிலையாக வையுங்கள்.

மூன்றாவது, வைஃபை 6. ரவுட்டர் 802.11 ஏஎக்ஸ் முறையில் ஒலிபரப்பினால், சில பழைய டிரைவர்கள் அந்தப் பெயரையே பட்டியலில் காட்டாது. அட்டைக்குப் புதிய டிரைவர் இருந்தால் போடுங்கள். இல்லையென்றால் 2.4-க்கு மட்டும் வயர்லெஸ் மோடை 'பி/ஜி/என்' என்று மாற்றுங்கள். வீட்டில் மற்ற ஃபோன்கள் 5-ல் வழக்கம்போல் வேகமாக ஓடும், அவற்றுக்கு ஒரு பாதிப்பும் இல்லை.

ரவுட்டர் பாஸ்வேர்டு தெரியவில்லை, நெட் கம்பெனி பூட்டி வைத்திருக்கிறது என்றால் அவர்களிடமே '2.4-க்குத் தனிப் பெயர் வையுங்கள்' என்று கேளுங்கள். அதுவும் நடக்காவிட்டால் லேன் கேபிள்தான் நல்ல வழி. கேபிள் இழுக்க முடியாத இடத்துக்கு யூஎஸ்பி வைஃபை டாங்கிள். வாங்குமுன் அட்டைப் பெட்டியில் விண்டோஸ் 7 என்று போட்டிருக்கிறதா பாருங்கள். புதிதாக வருபவற்றில் பல விண்டோஸ் 10-க்குக் கீழே வேலை செய்வதில்லை.

## அறிகுறி 3: பெயர் தெரிகிறது, பாஸ்வேர்டும் சரி, ஆனால் சேர மறுக்கிறது

பாஸ்வேர்டை முதலில் நோட்பேடில் அடித்துக் கண்ணால் பாருங்கள். தமிழ்த் தட்டச்சு ஆன் ஆகியிருக்கலாம். விசைப்பலகை அமைப்பு 'யுகே' என்று இருந்தால் அட் குறியும் இரட்டை மேற்கோளும் இடம் மாறிவிடும். பாஸ்வேர்டில் அட் இருந்தால் எத்தனை முறை அடித்தாலும் தவறுதான். நோட்பேடில் சரியாக வந்ததைக் காப்பி செய்து பெட்டியில் ஒட்டுங்கள்.

அடுத்து, பழைய நினைவை அழிப்பது. ரவுட்டர் மாறி, பெயர் மட்டும் அதே பழைய பெயராக வைத்திருந்தால், விண்டோஸ் பழைய பாதுகாப்பு முறையிலேயே போய் முட்டிக்கொண்டிருக்கும். நெட்வொர்க் அண்ட் ஷேரிங் சென்டரில் 'மேனேஜ் வயர்லெஸ் நெட்வொர்க்ஸ்' போய், அந்தப் பெயரை ரிமூவ் செய்துவிட்டுப் புதிதாகச் சேருங்கள்.

அப்படியும் முடியாவிட்டால் ரவுட்டரில் பாதுகாப்பு முறையைப் பாருங்கள். டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருந்தால் விண்டோஸ் 7 சேராது. 'டபிள்யூபிஏ2, ஏஇஎஸ்' என்று வையுங்கள். இரண்டும் கலந்த முறையிலும் சில பழைய அட்டைகள் திணறும். அதே பக்கத்தில் 'பிஎம்எஃப்' என்று ஒரு வரி இருந்து 'ரிக்வயர்டு' என்றிருந்தால் 'ஆப்ஷனல்' ஆக்குங்கள். எக்ஸ்பி என்றால் சர்வீஸ் பேக் 3 அவசியம், டபிள்யூபிஏ2 அதில்தான் உள்ளேயே சேர்ந்து வந்தது.

எக்ஸ்பி சேரவில்லை என்பதற்காக வீட்டு வைஃபை முழுவதையும் டபிள்யூஇபி என்ற பழைய பாதுகாப்பு முறைக்கோ பாஸ்வேர்டே இல்லாமலோ மாற்றுபவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். டபிள்யூஇபி பூட்டைச் சில நிமிடங்களில் உடைக்க முடியும். அந்த ஒரு சிஸ்டத்துக்குக் கேபிள் போடுங்கள்.

## அறிகுறி 4: சேர்ந்துவிட்டது, ஆனால் மஞ்சள் முக்கோணம்

முதலில் ஒரு தளத்தைத் திறந்து பாருங்கள். முக்கோணம் இருந்தும் தளம் திறந்தால் அப்படியே விட்டுவிடலாம். விண்டோஸ் தன் சோதனைப் பக்கத்தை எட்ட முடியாததால் மட்டும் அந்தக் குறியைப் போட்டிருக்கும்.

திறக்கவில்லையா? ஸ்டார்ட் தேடலில் சிஎம்டி என்று அடித்துக் கருப்பு ஜன்னலைத் திறந்து, 'ஐபிகான்ஃபிக்' என்று ஆங்கிலத்தில் அடியுங்கள். ஐபிவி4 முகவரியைப் பாருங்கள்.

169.254 என்று தொடங்கினால் ரவுட்டர் முகவரி கொடுக்கவில்லை. கம்ப்யூட்டர் தானே ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது. ரவுட்டரை அணைத்து ஒரு நிமிடம் கழித்து ஆன் செய்யுங்கள், கேபிளை மாற்றிப் பாருங்கள். சர்வீசஸ் பட்டியலில், ரவுட்டரிடம் முகவரி கேட்டு வாங்கும் 'டிஹெச்சிபி கிளையண்ட்' ஓடுகிறதா என்று பாருங்கள்.

வேறு ஏதோ எண் இருந்தால், ஃபோனில் வைஃபை விவரத்தில் வரும் எண்ணோடு ஒப்பிடுங்கள். முதல் மூன்று பகுதியும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு தம்பியின் அரசு லேப்டாப்பை இரண்டு கடையில் காட்டிவிட்டு என்னிடம் கொண்டு வந்தார்கள். வைஃபை அட்டை மாற்ற வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். திறந்து பார்த்தால் 192.168.10.57. வீட்டு ரவுட்டரோ 192.168.1 வரிசை. கல்லூரி விடுதியில் யாரோ கையால் எழுதிவைத்த எண், படிப்பு முடிந்து நாலு வருடமாகியும் அங்கேயே உட்கார்ந்திருந்தது. 'சேஞ்ச் அடாப்டர் செட்டிங்ஸ்' போய், அடாப்டரில் ரைட் க்ளிக், ப்ராப்பர்ட்டீஸ், ஐபி வெர்ஷன் 4 என்பதைத் திறந்து, 'தானாகப் பெறு' என்று பொருள்படும் இரண்டு வட்டங்களையும் தேர்ந்தெடுத்தேன். ஓகே கொடுத்துக் கை எடுப்பதற்குள் அவன் மெயில் வந்து விழுந்தது.

எண் சரியாக இருந்தும் நெட் இல்லை என்றால், அதே கருப்பு ஜன்னலில் இந்த நான்கு பிங் (ஒரு முகவரியிலிருந்து பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை) வரிசையாக:

1. பிங் 127.0.0.1. பதில் இல்லை என்றால் விண்டோஸின் நெட்வொர்க் மென்பொருளே கெட்டிருக்கிறது.
2. பிங் 192.168.1.1, அதாவது உங்கள் ரவுட்டரின் எண். பதில் இல்லை என்றால் கேபிள், வைஃபை, அல்லது ஃபயர்வால்.
3. பிங் 8.8.8.8. ரவுட்டர் வரை போய் இங்கே நின்றால், ஃபோனில் வருகிறதா என்று மறுபடி பாருங்கள். வந்தால் ஐபிகான்ஃபிக் காட்டும் கேட்வே எண் ரவுட்டரின் எண்தானா என்று சரிபாருங்கள்.
4. பிங், ஏதாவது ஒரு தளத்தின் பெயர். மூன்றாவது போய் இது மட்டும் போகவில்லை என்றால் டிஎன்எஸ் (தளத்தின் பெயரை எண்ணாக மாற்றித் தரும் சேவை) கோளாறு. முன்பு சொன்ன ஐபி வெர்ஷன் 4 ஜன்னலில் டிஎன்எஸ் இடத்தில் 8.8.8.8, 1.1.1.1 என்று கொடுங்கள்.

நான்கும் போகிறது, பிரவுசர் மட்டும் திறக்கவில்லை என்றால் ப்ராக்ஸி (நெட்டுக்குப் போகும் வழியில் நடுவில் வைக்கும் இடைக் கம்ப்யூட்டர்). ஆஃபீஸ் சிஸ்டங்கள் வீட்டுக்கு வரும்போது இது கூடவே வரும். இன்டர்நெட் ஆப்ஷன்ஸ், கனெக்ஷன்ஸ், லேன் செட்டிங்ஸ் போய் ப்ராக்ஸி டிக்கை எடுங்கள்.

டெலிபோன் வயரில் பிராட்பேண்ட் வந்த காலத்து டெஸ்க்டாப்புகளில் இன்னொன்றைப் பார்க்க வேண்டும். அப்போது கம்ப்யூட்டரே யூசர்நேம், பாஸ்வேர்டு போட்டு 'டயல்' செய்யும். இப்போது அந்த வேலையை ரவுட்டர் செய்கிறது. பழைய டயலர் இன்னும் டிஃபால்ட்டாக இருந்தால் பிரவுசர் திறக்கும்போதெல்லாம் அது குதித்து வந்து நிற்கும். அதே கனெக்ஷன்ஸ் பக்கத்தில் 'நெவர் டயல் எ கனெக்ஷன்' என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

கடைசியாக, காலாவதியான ஆன்டிவைரஸ். சந்தா முடிந்த பிறகும் அதன் வடிகட்டி டிரைவர் அடாப்டருக்குள் உட்கார்ந்து எல்லாவற்றையும் மறிக்கும். அந்தக் கம்பெனியின் தளத்திலேயே முழுதாக நீக்கும் கருவி இருக்கும், அதை வைத்து நீக்குங்கள். பிறகு கருப்பு ஜன்னலை ரைட் க்ளிக், 'ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' என்று திறந்து 'நெட்ஷ் வின்சாக் ரீசெட்', அடுத்து 'நெட்ஷ் இன்ட் ஐபி ரீசெட்' என்று அடித்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். நெட் என்ற சொல்லோடு எஸ், எச் ஒட்டி வரும். முதல் பிங்கே தோற்ற சிஸ்டங்களுக்கும் இதுதான் மருந்து.

## அறிகுறி 5: பிங் எல்லாம் போகிறது, தளம் திறந்தால் 'பாதுகாப்பில்லை' என்கிறது

திரையின் வலது மூலையில் தேதியைப் பாருங்கள். 2009, 2010 என்று எதையாவது காட்டினால் அதுதான் காரணம். தளம் அசல்தான் என்று பிரவுசருக்குக் காட்டும் சான்றிதழ்களுக்குத் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. உங்கள் கம்ப்யூட்டர் 2009-ல் இருந்தால் இன்றைய சான்றிதழ் எதுவும் அதற்கு இன்னும் பிறக்கவில்லை. தேதியைத் திருத்துங்கள். மறுநாள் ஆன் செய்யும்போது திரும்பவும் பின்னால் போனால் மதர்போர்டில் இருக்கும் காசு வடிவ பேட்டரி தீர்ந்துவிட்டது. சிஆர் 2032 என்று கேட்டால் எலக்ட்ரிக்கல் கடையிலேயே கிடைக்கும். டெஸ்க்டாப்பில் மாற்றுவது ஐந்து நிமிட வேலை, பவர் வயரைப் பிடுங்கிவிட்டுச் செய்யுங்கள்.

தேதி சரி, சில தளங்கள் திறக்கின்றன, சில திறக்கவில்லை என்றால் பிரவுசர் பழசு. 2021 செப்டம்பர் 30 அன்று ஏராளமான தளங்கள் நம்பியிருந்த ஒரு மூலச் சான்றிதழ் காலாவதியானது. அப்டேட் இல்லாத சிஸ்டங்கள் பலவற்றில் அன்றைக்கு ஒரே நாளில் பல தளங்கள் மூடிக்கொண்டன. ஃபயர்ஃபாக்ஸ் விண்டோஸை நம்பாமல் தன் சான்றிதழ் பட்டியலைத் தானே வைத்திருப்பதால், பழைய சிஸ்டங்களுக்கு நான் அதைத்தான் போடுகிறேன். விண்டோஸ் 7-க்கு ஃபயர்ஃபாக்ஸ் 115 இஎஸ்ஆர் கடைசி வரிசை, குரோமில் 109 கடைசி. ஃபோனிலோ வேறு சிஸ்டத்திலோ முழு இன்ஸ்டாலரை இறக்கிப் பென் டிரைவில் கொண்டு வாருங்கள். பிரவுசரில் எல்லாம் திறக்கிறது, மெயில் மென்பொருள் மட்டும் முரண்டு பிடிக்கிறது என்றால் டிஎல்எஸ் 1.2 என்ற பாதுகாப்பு முறைக்கான கேபி 3140245 அப்டேட் போட வேண்டியிருக்கும்.

எக்ஸ்பிக்குக் குரோம் 49-ம் ஃபயர்ஃபாக்ஸ் 52-ம் கடைசி. செய்தித் தளம் சில திறக்கும். எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலிலும் விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியிலும் மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியது. நெட் வந்துவிட்டது என்ற சந்தோஷத்தில் இந்த இரண்டிலும் பேங்க் பக்கத்தைத் திறக்காதீர்கள். பணம் சம்பந்தப்பட்டதை ஃபோனிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

## அறிகுறி 6: வருகிறது, கொஞ்ச நேரத்தில் அறுந்துபோகிறது

டிவைஸ் மேனேஜரில் அடாப்டரின் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில், மின்சாரம் மிச்சப்படுத்த இதை அணைக்கலாம் என்ற முதல் டிக்கை எடுங்கள். பாதிக்கு மேல் இதிலேயே நிற்கும். டாங்கிள் என்றால் சிபியூவின் பின்பக்கப் போர்ட்டில் செருகுங்கள், முன்பக்கப் போர்ட்டின் வயர் தளர்ந்திருக்கும். சமையலறையில் மைக்ரோவேவ் ஓடும்போது மட்டும் அறுந்தால் 2.4-ல் அது இயல்பு, சேனலை மாற்றிப் பாருங்கள். நெட் அறுவதில்லை, சிஸ்டமே நத்தையாக நகர்கிறது என்றால் அது ரேம் விஷயம், நெட்வொர்க்கில் தேட வேண்டாம்.

## எல்லாம் பார்த்தாயிற்று, இன்னும் வரவில்லை

கடைக்குப் போகும் முன் ஒரே ஒரு சோதனை மிச்சம். பென் டிரைவில் லினக்ஸ் (விண்டோஸ் போன்ற இன்னொரு இயங்குதளம்) போட்டு, இன்ஸ்டால் செய்யாமல் அதிலிருந்தே கம்ப்யூட்டரைத் திறப்பது. 64 பிட் சிஸ்டம் என்றால் மின்ட், 32 பிட் என்றால் ஆன்டிஎக்ஸ். அதில் வைஃபை வந்தால் அட்டை நன்றாக இருக்கிறது, கோளாறு விண்டோஸில்தான் என்று அடித்துச் சொல்லலாம். பிராட்காம் சிப்புகளுக்கு மட்டும் தனி ஃபர்ம்வேர் (அட்டைக்குள் ஏற்றும் மென்பொருள்) தேவைப்படும், அதனால் அவை வராவிட்டால் கெட்டுவிட்டது என்று முடிவு செய்யாதீர்கள். அரசு மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸோடு, மத்திய அரசின் சிடாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் போட்டே வந்தது. அதை யாரும் அழிக்காமல் விட்டிருந்தால் பென் டிரைவ்கூட வேண்டாம், ஆன் செய்யும்போது அதைத் தேர்ந்தெடுத்தாலே சோதனை முடிந்தது.

கீழே சொல்பவற்றில் நீங்கள் கை வைக்க வேண்டாம், நேராகக் கடைதான்: லேன் போர்ட் ஆடுகிறது, கருகிய வாடை வருகிறது, லேப்டாப் பேட்டரி உப்பி டச் பேடைத் தூக்குகிறது, ஹார்டு டிஸ்க் டிக் டிக் என்று தட்டுகிறது, பயோஸ் பாஸ்வேர்டு கேட்கிறது. பேட்டரி உப்பியிருந்தால் சார்ஜரைக் கழற்றிவிட்டு, அமுக்காமல் கொண்டு போங்கள்.

கொடுக்கும் முன் ஃபோட்டோ, டாக்குமென்ட் எல்லாவற்றையும் பென் டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தச் சோதனை வரை போனது என்று ஒரு தாளில் எழுதி லேப்டாப்போடு கொடுங்கள்: 'ஃபோன் வழியாக நெட் வருகிறது, லேன் விளக்கு எரியவில்லை, கேபிள் மாற்றிப் பார்த்தாயிற்று, ஃபார்மட் வேண்டாம்.' மதர்போர்டு போய்விட்டது என்று சொன்னால், கடையில் இருக்கும் யூஎஸ்பி லேன் அடாப்டரை உங்கள் கண்முன் செருகிக் காட்டச் சொல்லுங்கள். அதில் நெட் வந்தால் அதையே வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடலாம்.